தறியில் மணி நெய்து பிரேஸ்லெட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் கையில் எப்போதும் ஒரு சிவப்பு வெள்ளை மணிப்பட்டை கிடக்கும். 11 மணி அகலம், 91 வரிசை, நடுவில் வைரக்கட்டம் ஓடும். அதைப் பார்த்துவிட்டு பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் கேட்கிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். எல்லா உதாரணமும் அந்த ஒரே பட்டையை வைத்துத்தான். முதலில் அதைச் செய்யுங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம்.

இது கோர்ப்பதா, நெய்வதா?

நெய்வது. கோர்ப்பது என்றால் ஒரு நூல், அதில் வரிசையாக மணி, அவ்வளவுதான். இதில் புடவைத் தறி மாதிரியே நீளவாக்கில் பாவு நூல்களை இழுத்துக் கட்ட வேண்டும், குறுக்கே ஊடை நூல் போகும். புடவையில் ஊடை வெறும் நூலாகப் போகும், இங்கே மணிகளைச் சுமந்துகொண்டு போகும். ஒவ்வொரு மணியும் இரண்டு பாவு நூல்களுக்கு நடுவே உட்காரும். ஊடை நூல் அதே மணிகளுக்குள் இரண்டு தடவை நுழைகிறது, போகும்போது பாவுக்கு அடியில், திரும்பும்போது பாவுக்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் பாவு நூல் சிக்கிக்கொள்கிறது, மணி அசையாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் பழக்கம்தான்.

எந்த மணி வாங்க வேண்டும்?

மணி அளவை 15/0, 11/0, 8/0, 6/0 என்று எழுதியிருப்பார்கள். எண் கூடக்கூட மணி சிறிதாகும். உருண்டை மணியில் 11/0 சுமார் 2 மி.மீ., 8/0 சுமார் 3 மி.மீ. பிரேஸ்லெட்டுக்கு 11/0 சரியான அளவு.

உருண்டையாக இல்லாமல் நேர்க்குழாயை வெட்டிய மாதிரி இருக்கும் உருளை மணி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில் இருக்கும் மியுகி நிறுவனம் 'டெலிகா' என்ற பெயரில் செய்கிறது, அங்கேயே இருக்கும் டோஹோவும் உருளை மணி செய்கிறது. டெலிகா 11/0 ஒன்றின் குறுக்களவு 1.6 மி.மீ., துளைவாக்கில் நீளம் 1.3 மி.மீ. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 200 மணி நிற்கும். எல்லா மணியும் ஒரே அளவாக இருப்பதால் வரிசைகள் செங்கல் சுவர் மாதிரி நேராக அடுக்கும். விலை கூடுதல்தான். ஆனால் ஒரு பட்டைக்குத் தேவை 5 கிராம்தான் என்பதால் முதல் முயற்சிக்கே நல்ல மணி வாங்கச் சொல்கிறேன். மட்டமான மணியில் கற்றுக்கொள்கிறவர்கள் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துப் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஆரி வேலைக்கு வாங்கிய சுகர் பீட்ஸ் வீட்டில் நிறைய கிடக்கிறது. அதில் செய்யலாமா?

செய்யலாம். நம் ஊரில் சின்னக் கண்ணாடி மணி கைக்கு எளிதாகக் கிடைப்பதே ஆரி பொருள் விற்கும் கடைகளில்தான், நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் பொறுக்கி எடுக்க வேண்டும், இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ரவிக்கையில் தைக்கும்போது ஒரு மணி தடிமனாகவும் அடுத்தது ஒல்லியாகவும் இருந்தாலும் தெரியாது. தறியில் அப்படியில்லை, ஒரு தடித்த மணி தன் வரிசையையே தள்ளிவிடும், அடுத்த வரிசை அதன்மேல் சாயும், பத்து வரிசையில் பட்டை வாழைப்பழம் மாதிரி வளைந்து நிற்கும்.

ஒரு வெள்ளைத் தட்டில் இரண்டு ஸ்பூன் மணியைக் கொட்டிப் பரப்புங்கள். ஊசி முனையால் ஒவ்வொன்றாக ஒதுக்குங்கள். துளை அடைத்தது, ஓரம் உடைந்தது, சாய்வாக வெட்டுப்பட்டது, வட்டு மாதிரி மெலிந்தது, பீப்பாய் மாதிரி நீண்டது எல்லாம் ஒரு பக்கம் போகட்டும். கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிபவற்றில் பத்தை ஊசியில் ஏற்றி, இன்னொரு ஊசியில் வேறு பத்தை ஏற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயரம் ஒன்றாக இருந்தால் உங்கள் கண் பழகிவிட்டது. மலிவான பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு கழிந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். கழித்ததைத் தூக்கிப் போட வேண்டாம். மெலிந்த மணியும் தடித்த மணியும் தனித்தனி டப்பாவில் இருந்தால், ஒரு வரிசை இடம் பற்றாமல் பிதுங்கும்போது மெலிந்தது ஒன்றும், தொளதொளவென்று நிற்கும்போது தடித்தது ஒன்றும் கைகொடுக்கும்.

பொறுக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் பிரேஸ்லெட்டைச் செய்கிறது என்பேன். டிசைன் எல்லாம் அதற்கு அப்புறம்.

கண்ணாடி மணி ஏன் ஒரே அளவாக வருவதில்லை?

செய்யும் விதம் அப்படி. உருகிய கண்ணாடிக்குள் காற்றுத் துளை விட்டு நீளமான குழாயாக இழுப்பார்கள், ஆறியதும் துண்டு துண்டாக வெட்டுவார்கள், மறுபடி சூடாக்கினால் வெட்டு முனை மழுங்கி உருண்டையாகும். குழாய் இழுபடும்போது ஓர் இடத்தில் தடிக்கும், ஓர் இடத்தில் மெலியும், அந்த வித்தியாசம்தான் உங்கள் தட்டில் கிடக்கிறது.

புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் இப்படி இழுத்து வெட்டிய சின்னக் கண்ணாடி மணிகளை ஏராளமாகச் செய்திருக்கிறார்கள். 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த அதே இடம்தான். அந்த வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா முழுக்கவும் கிழக்கு ஆப்பிரிக்கா வரையிலும் கிடைத்திருக்கின்றன, ஆய்வாளர்கள் இந்தோ-பசிபிக் மணிகள் என்கிறார்கள். ஆந்திரத்தில் காளஹஸ்தி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் இதே முறையில் மணி இழுக்கும் தொழில் நம் காலம் வரைக்கும் வந்திருக்கிறது. ஆக, மணி நமக்குப் பழசு.

அப்படியானால் தறியில் நெய்வதும் நம் ஊர் வேலையா?

இந்தப் பட்டை நெசவுக்குப் பெயர்போனவர்கள் வட அமெரிக்கப் பழங்குடி மக்கள். முள்ளம்பன்றி முள்ளைச் சாயமேற்றி அழகு வேலை செய்துகொண்டிருந்த அவர்களிடம் ஐரோப்பிய வியாபாரிகள் வழியாகக் கண்ணாடி மணி போய்ச் சேர்ந்தது, அதன்பின் இந்த வேலை பெரிதாக வளர்ந்தது. உக்ரைனில் கெர்டான் என்ற கழுத்துப் பட்டையை இதே மாதிரி நெய்கிறார்கள். நம் ஊரில் 'பாசிமணி, ஊசிமணி' என்று திருவிழாவிலும் பஸ் ஸ்டாண்டிலும் விற்கும் நரிக்குறவர் வீட்டுப் பெண்களின் வேலை பெரும்பாலும் கோர்ப்பு. ஆனால் மணியைத் தரம் பார்ப்பதில் அவர்கள் விரல் வேகம் எனக்கு இன்னும் வரவில்லை. உட்கார்ந்து பேசிக்கொண்டே, மடியில் கிடக்கும் மணியைப் பார்க்காமலே ஒதுக்குவார்கள். அவர்களிடம் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள்.

தறி வாங்க வேண்டுமா?

வேண்டாம். பழைய மரப் போட்டோ பிரேம் ஒன்று, பாக்கெட் சீப்பு இரண்டு போதும். கண்ணாடியையும் அட்டையையும் கழற்றிவிட்டு, பிரேமின் எதிரெதிர்ப் பக்கங்களில் பல் மேலே பார்க்கிற மாதிரி சீப்பை ஒட்டிவிடுங்கள். சீப்புப் பற்களின் இடைவெளியில்தான் பாவு நூல்கள் உட்காரும். பற்கள் நெருக்கமான பக்கம் மணியின் நீளத்துக்கு ஏறக்குறையப் பொருந்தும், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, நெய்ய நெய்ய மணியே நூலைத் தன் இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். நூலைச் சுற்றிக் கட்ட பிரேமின் வெளிப்பக்கம் இரண்டு ஆணி அடியுங்கள். பிரேம் 30 செ.மீ. நீளமாவது இருக்கட்டும்.

செருப்பு டப்பாவில் வெட்டு போட்டுச் செய்யலாம் என்று சொல்வார்கள். பாவின் இழுவையில் அட்டை உள்ளே வளைந்துவிடும், நூல் தளரும். குழந்தைகளுக்கு விளையாட்டாகக் காட்ட மட்டும் சரி.

நூல்?

மணி வேலைக்கென்று வரும் முறுக்கிய நைலான் நூல், இல்லையென்றால் பின்னிய தூண்டில் நூல். 'ஃபயர்லைன்' என்று மணி வேலைக்காரர்கள் கொண்டாடுவதும் அடிப்படையில் தூண்டில் நூல்தான். தங்கூசி, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு, வேண்டாம், அது சுருண்டுகொள்ளும், இழுத்தால் நீளும், பட்டை விறைத்து நிற்கும். தையல் மிஷின் பருத்தி நூலும் வேண்டாம், மணியின் ஓரம் அறுத்துவிடும், மிச்சத்தை வியர்வை பார்த்துக்கொள்ளும். நைலான் நூலைத் தேன்மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்துவிட்டால் பிரியாது, முடிச்சும் விழாது.

ஊசி, மணி ஊசி என்றே கேட்டு வாங்குங்கள், 10 அல்லது 12 எண். அதன் காது உடம்பைவிட அகலமாக இருக்காது, அதனால்தான் ஒரே மணிக்குள் இரண்டு மூன்று தடவை போய்வர முடிகிறது. நூல் கோக்கக் கஷ்டமாக இருந்தால் நூல் முனையைச் சாய்வாக வெட்டி, பல்லால் தட்டையாக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் முனை மட்டும் தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஊசியை அதன்மேல் இறக்குங்கள். ஆரி ஊசி கொக்கி ஊசி, இதற்கு ஆகாது.

எத்தனை வரிசை, எத்தனை மணி என்று எப்படிக் கணக்குப் போடுவது?

மணிக்கட்டை இஞ்சி டேப்பால் அளந்துகொள்ளுங்கள். என்னுடையது 15.5 செ.மீ. அதோடு ஒன்றரை சேர்த்தால் 17, இதுதான் பிரேஸ்லெட்டின் மொத்த நீளம். இதில் கொக்கியும், பட்டையின் முனைகளைக் கவ்வும் இரண்டு முனைப் பிடிகளும் சேர்ந்து இரண்டரை செ.மீ. எடுத்துக்கொள்ளும், ஆக நெய்ய வேண்டியது 14.5 செ.மீ. கொக்கியை முதலில் வாங்கி அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள், பலர் இதை மறந்துவிட்டு வளையல் மாதிரி கழன்று விழும் பட்டையைச் செய்துவிடுகிறார்கள்.

டெலிகா 11/0 தறியில் உட்காரும்போது துளை குறுக்குவாக்கில் இருக்கும், அதனால் ஒரு வரிசை நீளத்தில் 1.6 மி.மீ. பிடிக்கும். 145-ஐ 1.6-ஆல் வகுத்தால் 90 சொச்சம். என் டிசைன் 10 வரிசைக்கு ஒருமுறை திரும்ப வரும், ஒன்பது தடவை வந்தால் 90, தொடங்கிய மாதிரியே முடிய இன்னும் ஒன்று, மொத்தம் 91. அகலம் 11 மணி. 91-ஐ 11-ஆல் பெருக்கினால் 1001 மணி. 5 கிராமுக்கு ஒன்றே ஒன்று அதிகம், ஆனால் உடைந்தது போக ஒரு கிராம் கூடவே வாங்குங்கள்.

அகலத்தில் ஒற்றைப்படை எண் வைத்தால்தான் நடுமணி என்று ஒன்று கிடைக்கும், வைரக்கட்டத்துக்கு அது அவசியம்.

டிசைனைக் கொடுங்களேன்.

வெள்ளை, சிவப்பு, நடுவில் ஒரே ஒரு மஞ்சள்.

முதல் வரிசை: 5 வெள்ளை, 1 சிவப்பு, 5 வெள்ளை.
இரண்டு: 4 வெள்ளை, 1 சிவப்பு, 1 வெள்ளை, 1 சிவப்பு, 4 வெள்ளை.
மூன்று: 3 வெள்ளை, 1 சிவப்பு, 3 வெள்ளை, 1 சிவப்பு, 3 வெள்ளை.
நான்கு: 2 வெள்ளை, 1 சிவப்பு, 5 வெள்ளை, 1 சிவப்பு, 2 வெள்ளை.
ஐந்து: 1 வெள்ளை, 1 சிவப்பு, 7 வெள்ளை, 1 சிவப்பு, 1 வெள்ளை.
ஆறு: 1 சிவப்பு, 4 வெள்ளை, 1 மஞ்சள், 4 வெள்ளை, 1 சிவப்பு.

ஏழாவது வரிசை ஐந்தாவது மாதிரியே, எட்டாவது நான்காவது மாதிரி, ஒன்பது மூன்று மாதிரி, பத்து இரண்டு மாதிரி. பதினொன்று மறுபடி முதல் வரிசை. முழுப் பட்டைக்கும் சிவப்பு 172, மஞ்சள் 9, மீதி 820 வெள்ளை.

ஊசியில் ஏற்றியதும் வாய்விட்டு எண்ணுங்கள். நான் இன்றைக்கும் எண்ணுகிறேன், 'மூணு, ஒண்ணு, மூணு, ஒண்ணு, மூணு' என்று. பக்கத்தில் இருப்பவர்கள் பழகிக்கொள்வார்கள். எண்ணாமல் விட்ட வரிசையில்தான் தப்பு வரும், அதுவும் பதினைந்து வரிசை தள்ளித்தான் கண்ணில் படும்.

கோலத்தை அப்படியே மணியில் கொண்டுவர முடியுமா?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோலம் தெரிந்தவர்களுக்கு மணி நெசவின் இலக்கணம் பாதி தெரியும். தறியில் மணிகள் நேர்ப்புள்ளி மாதிரி அடுக்கும், ஒன்றின் தலையில் ஒன்று. தறியில்லாமல் ஊசியை மட்டும் வைத்து நெய்யும் முறையில், 'பெயோட்' என்பார்கள், மணிகள் ஊடுபுள்ளி மாதிரி உட்காரும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் அடுத்தது. அதனால் நேர்ப்புள்ளி வைத்துப் போடும் கட்டக் கோலம் தறிக்கு நன்றாக வரும், ஊடுபுள்ளிக் கோலத்தின் சாய்கோடு பெயோட்டில் வழுவழுப்பாக வரும்.

சிக்குக் கோலம் கஷ்டம். அதன் அழகே வளைவு, 11 மணி அகலத்தில் வளைவு படிக்கட்டாகிவிடும். குறைந்தது 25 மணி அகலம் வைத்தால் ஒரு நாலு புள்ளிச் சிக்குக்கு இடம் கிடைக்கும்.

கட்டத்தாளில் வரையும்போது ஒன்று கவனியுங்கள். தாளில் கட்டம் சதுரம், உங்கள் மணி சதுரம் இல்லை. நீளவாக்கில் 1.6, அகலத்தில் 1.3 மி.மீ.யோடு ஒரு நூல் தடிமன். தாளில் வட்டமாகத் தெரியும் தாமரை பட்டையில் கொஞ்சம் நீண்டு முட்டை மாதிரி தெரியும். வைரக்கட்டத்துக்கு இந்த நீட்சி அழகு, முகம், பூ, எழுத்து என்றால் ஒரு வரிசை குறைத்து வரைந்துகொள்ளுங்கள்.

பாவு எப்படிக் கட்டுவது?

பாவு நூல் எண்ணிக்கை எப்போதும் மணியைவிட ஒன்று கூடுதல். 11 மணிக்கு 12 நூல். இரண்டு ஓரத்திலும் இரட்டை நூல் போட்டுவிடுங்கள், உரசுவது ஓரம்தான், ஆக 14 இழை. ஒவ்வொன்றும் பட்டையின் நீளத்தைவிட அரை மீட்டர் அதிகம் இருக்கட்டும், கடைசியில் முடிக்க வால் வேண்டும்.

இழுவை ஒரே சீராக இருக்க வேண்டும், இறுக்கம் அளவோடு இருந்தால் போதும். கட்டி முடித்ததும் விரலால் ஒவ்வொரு நூலாகச் சுண்டிப் பாருங்கள், ஒரே மாதிரி அதிர வேண்டும். ஒன்று மட்டும் தளர்ந்திருந்தால் அந்த இடத்தில் கோடு மாதிரி ஒரு பள்ளம் கடைசிவரை ஓடும். அளவுக்கு மீறி இறுக்கினால் தறியிலிருந்து எடுத்ததும் பாவு சுருங்கும், பட்டை நெளியும்.

மணி ஏற்றுவதற்கு முன் வெறும் ஊடை நூலை மேலும் கீழுமாக விட்டு அரை செ.மீ. துணி மாதிரி நெய்துகொள்ளுங்கள். பாவு இடம் பிடித்து நிற்கும், முடிக்கும்போது முனைப்பிடி கவ்வவும் இந்த இடம் வேண்டும்.

ஒரு வரிசையை முழுசாகச் சொல்லித் தாருங்கள்.

ஒன்றரை மீட்டர் ஊடை நூலை இடது ஓரப் பாவில் கட்டி, 15 செ.மீ. வால் விடுங்கள். ஊசியில் 11 மணியை டிசைன்படி ஏற்றி, எண்ணி, நூலின் அடிவரை தள்ளிவிடுங்கள். நூலைப் பாவுக்கு அடியில் இடமிருந்து வலமாகக் கொண்டுபோங்கள். இப்போது இடது கை ஆள்காட்டி விரலை அடியிலிருந்து கொடுத்து மணிகளை மேலே அழுத்துங்கள். ஒவ்வொரு மணியும் இரண்டு பாவுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டும், விரல் நுனியில் பதினொரு சின்னப் புடைப்புகள் உறுத்துவது தெரியும். ஒன்று குறைந்தாலும் விரலே சொல்லிவிடும், எங்கேயோ இரண்டு மணி ஒரே சந்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஊசியை வலமிருந்து இடமாக மணிகளுக்குள் விடுங்கள். முக்கியமான இடம் இதுதான், ஊசி ஒவ்வொரு பாவு நூலுக்கும் மேலேதான் போக வேண்டும். ஒரே மூச்சில் பதினொன்றிலும் விட முயலாமல் நாலு நாலாகப் போங்கள், ஊசி உள்ளே இருக்கும்போதே பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். எங்காவது ஊசி பாவுக்கு அடியில் போயிருந்தால் அந்த மணி தொங்கும். பாவைக் குத்திக்கொண்டு போனால் இன்னும் மோசம், இழை பிளந்து பின்னால் அங்கேதான் அறும். எல்லாம் சரியென்றால் ஊசியை வெளியே எடுத்து, நூலை மெதுவாக இழுத்து, இடது ஓரத்தில் மணி பாவோடு ஒட்டியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் இழுத்தால் பட்டைக்கு இடுப்பு விழும்.

முதல் மூன்று வரிசை அழ வைக்கும், மணி ஓடும், நூல் விலகும். நாலாவதில் முந்தைய வரிசைகளே அடுத்ததற்கு வழி காட்டத் தொடங்கும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு வரிசைக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும், மொத்தம் நாலு மணி நேரம் என்று வையுங்கள். ஒரே நாளில் முடிக்காதீர்கள், களைத்த கை இறுக்கி இழுக்கும், மறுநாள் பார்த்தால் எங்கே களைத்தீர்கள் என்று பட்டையின் ஓரத்திலேயே தெரியும்.

ஊடை நூல் தீர்ந்துவிட்டால்?

மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகப் போகும், ஆக இரண்டு தடவை மாற்ற வேண்டும். 15 செ.மீ. மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட்டு, அந்த வாலை முந்தைய நாலைந்து வரிசைகளுக்குள் முன்னும் பின்னுமாக விட்டு வெட்டுங்கள். புது நூலையும் அதே மாதிரி பழைய வரிசைகளுக்குள் விட்டுக் கொண்டுவந்து, விட்ட இடத்தில் தொடருங்கள். முடிச்சை மணிக்குள் ஒளிக்கப் பார்க்காதீர்கள், அடுத்த தடவை ஊசி போகாது, வற்புறுத்தினால் மணி உடையும்.

பத்து வரிசை தள்ளித்தான் தப்பான நிறம் கண்ணில் பட்டது. என்ன செய்ய?

ஐந்து வரிசைக்குள் என்றால் பிரித்துவிடுங்கள். ஊசியைக் கழற்றிவிட்டு நூலைப் பின்னோக்கி இழுக்க வேண்டும், ஊசியோடு திரும்பப் போனால் நூல் பிளந்துவிடும்.

ரொம்பத் தூரம் வந்துவிட்டால் ஒரு வழி இருக்கிறது. தப்பான மணியின் துளைக்குள் ஒரு தடித்த ஊசியை நுழைத்து மெதுவாக நெம்புங்கள், மணி உள்ளிருந்து வெளியே வெடித்து உடையும். கொறடால் வெளியிலிருந்து நசுக்கினால் கண்ணாடிச் சில்லு ஊடை நூலை அறுத்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மேலே துணி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், சில்லு நன்றாகவே தெறிக்கும். அப்புறம் புது நூலில் ஊசி கோத்து, பக்கத்து மணிகளுக்குள் விட்டு வந்து, சரியான நிற மணியை ஏற்றி, அந்தப் பக்கத்து மணிகளுக்குள் போய்விடுங்கள். பழைய ஊடை மணிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

முனையை எப்படி முடிப்பது? இதில்தான் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

உண்மைதான், என் அலமாரியிலும் முடிக்காத பட்டைகள் வருஷக்கணக்கில் கிடந்தன. இரண்டு வழி சொல்கிறேன்.

சுலபமானது முனைப்பிடி. ரிப்பனைக் கவ்வ வரும் பல் வைத்த உலோகத் தகடு, ஆபரணப் பொருள் கடையில் கிடைக்கும். மணி முடிந்ததும் மறுபடி அரை செ.மீ. வெறும் நூல் நெய்து, அதன்மேல் துணிப் பசை தடவி, ஓர் இரவு காயவிட்டு, அப்புறம் தறியிலிருந்து வெட்டி எடுங்கள். காயாமல் வெட்டினால் பாவு உருவிக்கொண்டு வந்துவிடும். நெய்த விளிம்பை உள்பக்கம் மடித்து, தகட்டை வைத்துக் கொறடால் நடுவில் ஒரு அழுத்து, இரண்டு முனையில் ஒவ்வொரு அழுத்து. மணியைக் கவ்வவே கூடாது.

இன்னொன்று, பாவு வால்களை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்துப் பட்டைக்குள்ளேயே நெய்துவிடுவது. ஒரு பக்கம் 14, மறுபக்கம் 14, மொத்தம் 28 வால். எல்லாவற்றையும் ஒரே வரிசைக்குள் விட்டால் துளை அடைத்துவிடும், அதனால் ஆளுக்கொரு வரிசை என்று பிரித்துவிட வேண்டும். ஒரு முழுச் சாயங்காலம் போகும். ஆனால் உலோகமே இல்லாமல், ஓரத்தில் ஒரு பித்தானும் எதிரில் மணிக்கண்ணியும் வைத்து முடித்த பட்டை கையில் கிடக்கும் சுகம் வேறு. உலோகம் பட்டால் தோல் அரிக்கிறது என்கிறவர்களுக்கு இதுதான் நல்லது.

நிறம் போகுமா?

மணியைப் பொறுத்தது. கண்ணாடியே நிறமாக இருக்கும் மணி போகாது. மேலே சாயம் பூசியது, தங்க வெள்ளி முலாம் மாதிரி மின்னுவது, துளைக்குள் மட்டும் நிறம் விட்டது, இவற்றில் பலது நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் சீக்கிரம் வெளுக்கும். நெய்வதற்கு முன் பத்து மணியை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சில் வைத்துத் தேயுங்கள், இன்னும் பத்தைச் சானிடைசரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். பஞ்சிலோ சானிடைசரிலோ நிறம் இறங்கினால் அந்த மணியைச் சுவரில் மாட்டும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை இந்தச் சோதனையைச் செய்யாமல், தோழியின் வளைகாப்புக்கு மினுமினுக்கும் ரோஜா நிற மணியில் ஒரு பட்டை நெய்து கொடுத்தேன். குழந்தைக்குப் பெயர் வைப்பதற்குள் அது சாம்பல் நிறமாகிவிட்டது, அவள் அப்போதும் அதைக் கழற்றாமல் போட்டிருந்தாள். அவளுக்கு மறுபடி ஒன்று நெய்து கொடுத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

எட்டு வயதுக்கு மேல் நன்றாகவே பிடித்துக்கொள்கிறார்கள். 8/0 மணி, 7 மணி அகலம், இரண்டே நிறம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் மணித் தட்டைத் தரையில் வைக்க வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.

மணி உருண்டு ஓடுகிறது, கண்ணும் வலிக்கிறது.

தட்டில் பழைய வெல்வெட் ரவிக்கைத் துணி ஒன்றை விரியுங்கள், மணி நின்ற இடத்தில் நிற்கும், ஊசியால் குத்தி எடுக்கவும் சுலபம். கொட்டிவிட்டால் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வெளிச்சம் இடது தோள் பக்கமிருந்து வரட்டும், பத்து வரிசைக்கு ஒருமுறை எழுந்து ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையாவது பாருங்கள். வெள்ளை மணியில் வெள்ளை நூல் கண்ணை ரொம்பப் படுத்தும், முதல் பட்டைக்குப் பாவை மட்டும் சாம்பல் நிறத்தில் போடுங்கள், எது மேலே எது கீழே என்று பளிச்சென்று தெரியும்.

செய்து விற்கலாமா?

விற்கலாம். மணி விலையை மட்டும் கூட்டிச் சொல்லாதீர்கள், பொறுக்கிய நேரம், நெய்த நேரம், முனை முடித்த நேரம் எல்லாவற்றையும் எழுதி வைத்து, உங்கள் ஊரில் ஒரு தையல்காரருக்கு மணிக்கு என்ன கிடைக்கிறதோ அதையாவது வைத்துப் பெருக்குங்கள். 'இவ்வளவா?' என்று கேட்பார்கள். 1001 மணி என்று சொல்லி, ஒரு வரிசையை அவர்கள் கண் முன்னாலேயே நெய்து காட்டுங்கள்.

எப்படிப் பார்த்துக்கொள்வது?

குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கழற்றிவிடுங்கள். சென்ட் அடித்து, காய்ந்த பிறகு போடுங்கள். அழுக்கானால் லேசான சோப்புத் தண்ணீரில் இரண்டு நிமிடம், துண்டில் ஒற்றி, நிழலில் தட்டையாகப் படுக்க வைத்துக் காயவிடுங்கள். மடித்து வைத்தால் மடிப்பில் மணியோடு மணி உரசி நூலை அறுக்கும், சுருட்டி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள், இழை எங்காவது நைந்திருந்தால் அந்த ஓரத்தோடு ஒரு புது நூல் ஓட்டிவிட்டால் போதும்.